மருத்துவர் மாநாடும் நம் முதுகெலும்பும்

  

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கீழ்முதுகெலும்பைப் பற்றி ஆராயும் மருத்துவர்களின் மாநாடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கும் அறுவை மருத்துவர் மாநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தக்க கேள்விதான். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் அறிவியல் மாநாடு என்பதும் ஒருவகைப் பள்ளிக்கூடமே. அங்கே ஒரு மணி நேரம் ஆசிரியராய் நிற்பவர், அடுத்த மணி நேரம் மாணவராய் அமர்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் எப்படி நடக்கிறது, அதனால் விளைந்த பயன் யாது என்று எடுத்துச் சொல்வது ஆசிரியத் தொழிலுக்குப் புறம்பானதன்று.

நான் வாழும் அமராவதி நகர், ஆனைமலையின் அடிவாரத்தில், அமராவதி அணையை ஒட்டி அமைந்த சிற்றூர். சுற்றியுள்ள வயல்களில் கரும்பு வெட்டுவோர் குனிந்த முதுகு நிமிராமல் உழைக்கின்றனர். சற்று வடக்கே சென்றால் உடுமலைப்பேட்டை. அதற்கும் அப்பால் பனியன் தொழிலால் உலகப் புகழ் பெற்ற திருப்பூர். அங்கே தையல் இயந்திரத்தின் முன் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் டெய்லர், மேசையருகே நாள் முழுதும் நின்றுகொண்டே துணி பார்க்கும் செக்கிங் பெண், துணி ரோல்களைத் தோளில் ஏற்றி இறக்கும் சுமைத் தொழிலாளி ஆகிய அனைவரும் தம் கைத்திறனால் பிழைப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அந்தக் கைத்திறனைத் தாங்கி நிற்பது அவர்களுடைய இடுப்பெலும்பு. மாலையில் வீடு திரும்பியதும் "இடுப்பு விட்டுப் போகிறது" என்று சொல்லித் திண்ணையில் சாய்பவரை எந்தத் தெருவிலும் காணலாம். இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தியதாக அறிஞர்கள் கணித்துள்ளனர். மனிதனை மாய்க்காமல் முடக்கிவைக்கும் துன்பங்களில் இதுவே முதலிடம் பெறுகிறது.

அந்தக் கீழ்முதுகெலும்பின் அமைப்பை முதலில் சுருக்கமாக நினைவுகூர்வோம். கழுத்தில் ஏழு, மார்பின் பின்னே பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கும் கீழே ஒன்றாய் இணைந்துவிட்ட எலும்புகளும் உண்டு. இடுப்பிலுள்ள ஐந்துமே உடலின் பெரும்பாரத்தைத் தாங்குபவை. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற ஒரு தட்டு இருக்கிறது. மருத்துவர் அதனை 'டிஸ்க்' என்பர். நம் மக்கள் 'ஜவ்வு' என்பர். தட்டின் நடுவே கூழ் போன்ற மென்பொருள். அதனைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காய் உறுதியான நார் வளையம். மேலும் கீழும் எலும்போடு ஒட்டிய மெல்லிய குருத்தெலும்புத் தகடு. இந்தத் தட்டு பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து கால் வரை மின்னல் பாய்ந்தாற்போல் வலி ஓடுகிறது. அதற்கே 'சயாட்டிகா' என்று பெயர்.

இவை இன்று பாடநூலில் உள்ள செய்திகள். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான மருத்துவருக்கே இவை தெளிவாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் பார் என்ற எலும்பு மருத்துவரும் பணியாற்றிவந்தனர். முதுகுத் தண்டின் குழாயில் நரம்பை அழுத்திக்கொண்டிருந்த சில சிறு கட்டிகளை அக்கால மருத்துவர் குருத்தெலும்புக் கட்டிகள் என்றே கருதி அகற்றிவந்தனர். 1932-ஆம் ஆண்டில் அத்தகைய ஒரு கட்டியை ஆராய்ந்தபோது, அது புதிதாய் முளைத்த கட்டியன்று, கிழிந்து வெளியேறிய தட்டின் துண்டு என்று இவ்விருவருக்கும் புலப்பட்டது. உடனே மருத்துவமனையில் பாதுகாத்துவைத்திருந்த பழைய கட்டிகளையெல்லாம் எடுத்து மறுபடியும் ஆராய்ந்தனர். அவற்றிலும் பல, தட்டின் துண்டுகளாகவே இருந்தன.

அதன்பின் அவர்கள் செய்தது என்ன? அந்த உண்மையைத் தம் மருத்துவமனைக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1933-ஆம் ஆண்டில் அறுவை மருத்துவர் சங்கமொன்றின் கூட்டத்தில் எழுந்து நின்று, தாம் கண்டதைச் சக மருத்துவர் முன் வைத்தனர். மறு ஆண்டு, 1934-இல், 19 நோயாளிகளின் வரலாற்றோடு அது கட்டுரையாக அச்சேறியது. இடுப்புத் தட்டு அறுவையின் புதிய காலம் அன்று தொடங்கியது எனலாம். மாணவர்களே! இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய கட்டிகளை எறிந்துவிடாமல், பெயர் எழுதி, எண் இட்டுப் பாதுகாத்த ஒருவர் இல்லாதிருந்தால், இந்த உண்மை அவ்வளவு விரைவில் உறுதிப்பட்டிராது. கண்டறிந்தவர் பெயரை நாம் போற்றுகிறோம். குறித்துவைத்தவர் பெயர் நமக்குத் தெரியவில்லை.

இவ்வாறு தொடங்கிய துறை வளர்ந்தது. அறுவை மருத்துவம் பெருகப் பெருக ஐயங்களும் பெருகின. யாருக்கு அறுவை வேண்டும், யாருக்கு வேண்டா? தட்டு ஏன் தேய்கிறது? வலி எங்கிருந்து எழுகிறது? இவற்றிற்கு விடை காண அறுவை மருத்துவர் மட்டும் போதார் என்பது தெளிவாயிற்று. ஆகவே 1974-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில், இடுப்பு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கம் தோன்றியது. எலும்பு மருத்துவர், நரம்பு மருத்துவர், எக்ஸ்ரே முதலிய படங்களைப் படிக்கும் வல்லுநர், சுமையையும் அழுத்தத்தையும் கணக்கிடும் பொறியியலார், உயிர்வேதியியலார் எனப் பல துறையினரும் அதில் இடம்பெற்றனர். அச்சங்கம் ஆண்டுதோறும் வெவ்வேறு நாடுகளில் கூடுகிறது. சிறந்த ஆய்வுகளுக்குப் பரிசும் வழங்குகிறது.

இத்தகைய மாநாட்டில் என்ன நடக்கும்? ஆய்வு செய்தவர் தம் ஆய்வின் சுருக்கத்தை முன்கூட்டியே அனுப்புகிறார். நடுவர் படித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மேடையேறிச் சில நிமிடங்களுக்குள் தம் செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டும். அதன்பின் அவையினர் கேள்வி கேட்கின்றனர். "எத்தனை நோயாளிகளை ஆராய்ந்தீர்? எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தீர்? இடையில் வராமல் நின்றுவிட்டவர் எத்தனை பேர்? அவர்கள் நிலை என்ன ஆயிற்று? மருந்து கொடாத மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டீரா?" இந்தக் கேள்விகளில் பகையில்லை. பொன்னை உரைகல்லில் உரைப்பது பொன்னை இகழ்வதாகாது. மேடையில் நிற்பவர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும், நேற்றுப் பட்டம் பெற்ற இளைஞன் எழுந்து கேட்கும் கேள்விக்கு விடை சொல்லியே தீர வேண்டும். இதுவே அம்மாநாட்டின் உயிர். மேளதாளமும் மாலை மரியாதையும் மட்டும் உள்ள கூட்டத்தை விழா என்று சொல்லலாம். அதனை அறிவியல் மாநாடு என்று சொல்லலாகாது.

இத்தகைய ஆராய்ச்சியெல்லாம் மேல்நாட்டாருக்கே உரியது. நாம் அவர்கள் கண்டதைப் படித்துக்கொள்பவர் மட்டுமே என்று எண்ணும் இளைஞர் பலர் உள்ளனர். அந்த எண்ணம் பிழை என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே இரண்டு சான்றுகள் காட்டுவேன்.

முதற் சான்று சென்னையில் நிகழ்ந்தது. காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதன்று, முதுகெலும்பையும் அரிக்கும். எலும்பு உளுத்து முன்பக்கம் சரிந்தால் முதுகில் கூன் விழும். சிலருக்குக் கால்களும் செயலற்றுப்போகும். இங்கிலாந்து மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-ஆம் ஆண்டிலேயே இதனை விரித்து எழுதினார். பல தலைமுறைகளாக இதற்கு மருத்துவம், மாதக்கணக்கில் அசையாமல் படுக்கையில் கிடப்பதே. 1950-களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன் என்ற அறுவை மருத்துவர், முன்புறமாகச் சென்று, உளுத்த எலும்பை முழுவதும் சுரண்டி எடுத்து, அவ்விடத்தில் நல்லெலும்பை வைத்துப் பொருத்தும் அரிய முறையை நிலைநாட்டினார். அதன் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. காசநோயை வெல்லும் மருந்துகள் வந்துவிட்ட பின்னரும், அவ்வளவு பெரிய அறுவை எல்லோருக்கும் தேவைதானா? ஏழை நாடுகளின் சிற்றூர்களில் வாழும் நோயாளிகள் அதற்கு எங்கே செல்வர்?

1956-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கேள்விகளுக்கு அஞ்சியதன்று. நுரையீரல் காசநோயாளிகளுக்குச் சானட்டோரியம் இன்றியமையாததன்று. வீட்டிலிருந்தே மருந்துண்டும் குணமடையலாம் என்று 1959-ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் காட்டிய நிலையம் அது. அந்நிலையத்தாரும் சென்னை மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவரும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரோடு சேர்ந்து, 1975-ஆம் ஆண்டில் முதுகெலும்புக் காசநோய் ஆய்வைத் தொடங்கினர். கால்கள் முடங்கிப்போகாத 304 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவாருக்கு ஹாங்காங் முறை அறுவையும் ஆறு மாத மருந்தும். மற்றொரு பிரிவாருக்கு அறுவையின்றி ஆறு மாத மருந்து. மூன்றாம் பிரிவாருக்கு அறுவையின்றி ஒன்பது மாத மருந்து. பின்னிரு பிரிவினரும் படுக்கையில் கிடக்கவில்லை, நடமாடிக்கொண்டே மருந்துண்டனர். யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற நடுநிலையான முறையில் முடிவாயிற்று.

பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். பத்தாம் ஆண்டில் நன்னிலையில் இருந்தவர், அறுவைப் பிரிவில் 100-க்கு 90 பேர்; ஆறு மாத மருந்துப் பிரிவில் 94 பேர்; ஒன்பது மாத மருந்துப் பிரிவில் 99 பேர். இந்தப் பத்தாண்டு அறிக்கை 1999-இல் எலும்பு மருத்துவத்தின் பெயர் பெற்ற பிரிட்டிஷ் இதழொன்றில் வெளிவந்தது. கத்தியின்றியே பெரும்பாலோர் நலம் பெறலாம் என்பதை, கத்தி பிடித்த கைகளே முன்னின்று காட்டின. அறுவையால் பெயரும் பொருளும் பெறக்கூடியவர்கள், "இவ்வளவு அறுவை வேண்டா" என்று சான்றோடு சொல்ல முன்வருவது எளிய செயலா? மெய்யான அறிவியலாளருக்கு அது கடமை.

இந்தக் கதை இத்துடன் முடியவில்லை. மருந்தால் நோய் தீர்ந்தும், சில குழந்தைகளுக்குக் கூன் மட்டும் வளர்ந்துகொண்டே போவதை மருத்துவர் கண்டனர். சென்னையில் பேராசிரியர் டி.கே.சண்முகசுந்தரத்திடம் பயின்ற இராஜசேகரன் என்ற இளம் மருத்துவர் இதனை ஆராயலானார். இறுதியில் எந்த அளவுக்குக் கூன் விழும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் வழியை ஆசிரியரும் மாணவருமாக 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் இராஜசேகரன் 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2001-ஆம் ஆண்டில் தம் முடிவை எழுதினார். நோய் தீர்ந்த பின்னும் வளரும் பருவத்தில் 100-க்கு 39 பேருக்குக் கூன் மிகுந்தது. 44 பேருக்குக் குறைந்தது. எஞ்சியோருக்குப் பெரிய மாற்றமில்லை. யாருக்கு மிகும் என்பதை எக்ஸ்ரே படத்திலேயே காட்டிக்கொடுக்கும் நான்கு அடையாளங்களையும் அவர் வகுத்துத் தந்தார். அந்த அடையாளம் உள்ள குழந்தைக்குக் காலத்தே அறுவை செய்தால் வாழ்நாள் கூனைத் தடுக்கலாம். பாருங்கள்! ஓர் ஆய்வு கத்தியை எப்போது எடுக்க வேண்டா என்று சொல்லிற்று. மற்றோர் ஆய்வு எப்போது எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிற்று. இரண்டும் சேர்ந்தால்தான் மருத்துவ அறிவு.

இரண்டாம் சான்று நமக்கு இன்னும் அண்மையிலுள்ள கோயம்புத்தூரில் நிகழ்ந்தது. டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதனும் அவர் துணைவியார் கனகவல்லியும் 1978-ஆம் ஆண்டில் கங்கா மருத்துவமனையைத் தொடங்கினர். நான் முன் சொன்ன இராஜசேகரன் அவர்களுடைய மகன். உடலிலுள்ள உறுப்புகள் இரத்தத்தால் ஊட்டம் பெறுகின்றன என்று நாம் பள்ளியில் படிக்கிறோம். ஆனால் முள்ளெலும்புகளின் இடைத்தட்டினுள்ளே இரத்தக் குழாய்கள் இல்லை. அப்படியானால் அது எவ்வாறு உயிர் வாழ்கிறது? எலும்பை ஒட்டிய தகட்டின் வழியே ஊட்டப்பொருள் மெல்லக் கசிந்து உட்செல்கிறது. மரத்தின் வேரில் பாய்ச்சாமல், மண்ணில் ஊறும் ஈரத்தாலேயே செடி பிழைப்பதைப் போன்றது இது. இதனை உயிருள்ள மனிதரிடத்தில் எப்படிக் காண்பது? படத்தில் தெளிவாய்த் தெரியும் ஒரு மருந்தை நரம்பில் செலுத்தி, அது இடுப்புத் தட்டுகளுக்குள் ஊறிச் செல்வதை, 24 மணி நேரம் வரை எம்.ஆர்.ஐ. படங்களை அடுத்தடுத்து எடுத்து, கோவை மருத்துவர் பின்தொடர்ந்தனர். நல்ல தட்டிலும் தேய்ந்த தட்டிலுமாக 150 தட்டுகளை ஆராய்ந்தனர். தட்டின் நலம் அந்தத் தகட்டின் நலத்தைப் பொறுத்தது என்று காட்டிய இவ்வாய்வு, 2004-ஆம் ஆண்டில் மேற்கூறிய பன்னாட்டுச் சங்கத்தின் பரிசைப் பெற்றது.

2013-ஆம் ஆண்டில் மீண்டும் அதே பரிசு கோவைக்கு வந்தது. தட்டு பிதுங்குவது நார் வளையம் கிழிவதால்தான் என்று உலகம் நம்பியிருந்தது. கோவையில் அறுவை செய்துகொண்ட 181 நோயாளிகளை, அறுவைக்கு முன் பலவகைப் படங்களாலும், அறுவையின்போது நேரிலும், அதன்பின் நுண்ணோக்கியாலும் ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. 100-க்கு 65 பேருக்குத் தட்டும் எலும்பும் பொருந்தும் தகட்டின் சந்திப்பே பிய்ந்திருந்தது. நார் வளையம் மட்டும் கிழிந்தவர் 100-க்கு 11 பேரே. பெரும் ஆலமரம் போல் நின்ற ஒரு நம்பிக்கையை, நொய்யல் கரையிலிருந்து எழுந்த கேள்வி அசைத்துவிட்டது. இதற்குக் காரணம் பொருள் வளமும் கருவி வளமும் மட்டும் அல்ல; ஒவ்வொரு நோயாளியையும் முறையாகக் குறித்துவைத்த பொறுமையே முதற்காரணம் என்பது என் துணிபு.

மாநாடுகளில் ஓதப்படுவதெல்லாம் வேதமாகிவிடுமோ என்றால், ஆகாது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நாட்பட்ட இடுப்பு வலியில் சிலவகை, கிருமிகளால் உண்டாவது. நூறு நாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் குறையும் என்று டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வு 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. செய்தி காட்டுத்தீப் போல் பரவிற்று. நார்வே நாட்டார் அதனை அப்படியே ஏற்கவும் இல்லை. எள்ளி நகையாடவும் இல்லை. 180 நோயாளிகளிடம் அதே மருந்தை மீண்டும் சோதித்தனர். குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை என்று 2019-ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மீண்டும் செய்து பார்ப்பதே அறிவியலின் அறநெறி. அந்தச் சோதனை இல்லாதிருந்தால், எத்தனை ஆயிரம் பேர் வேண்டாத மருந்தை நூறு நாள் உண்டிருப்பர்!

இனி, மருத்துவர் கண்டறிந்தது மக்களுக்கு எட்டுவதைப் பற்றிச் சிறிது எண்ணிப்பார்ப்போம். ஆராய்ச்சிக்கு அடுத்தபடி இம்மாநாடுகளின் நோக்கம் கல்வி. இளம் மருத்துவருக்கு முதியோர் கற்பிப்பது ஒரு கூறு. அந்த அறிவு நோயாளியின் செவிக்கு எட்டுவது மற்றொரு கூறு. இரண்டாவது கூறு நம் நாட்டில் இன்னும் நிறைவடையவில்லை. அதனால் விளையும் துன்பத்தை இரண்டு வகையாகக் காணலாம்.

ஒருவர் வலியென்று சென்று ஸ்கேன் எடுக்கிறார். அறிக்கையில் "தட்டு புடைத்துள்ளது" என்று எழுதியிருக்கிறது. அன்றே அவர் மனம் உடைந்துபோகிறார், வேலையை விடுகிறார், கடன் வாங்கியேனும் அறுவை செய்துகொள்ள எண்ணுகிறார். ஆனால் அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓரிடத்திலாவது தட்டு புடைத்திருந்தது! தலை நரைப்பது போலத் தட்டும் காலத்தால் மாறுகிறது. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் நோயன்று. கால் வலியோடு பல வாரம் வருந்திய 283 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. விரைவில் அறுவை செய்துகொள்ளுமாறு ஒதுக்கப்பட்ட பிரிவிலும், பொறுத்துப் பார்க்குமாறு ஒதுக்கப்பட்ட பிரிவிலும் ஓராண்டு முடிவில் 100-க்கு 95 பேர் நலமடைந்திருந்தனர். அறுவை செய்துகொண்டவர் விரைவில் நலமடைந்தனர். பொறுத்திருந்தோரிலும் ஒரு பகுதியினருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. எனவே அறுவை வீண் என்பது பொருளன்று. பெரும்பாலோருக்கு, மருத்துவரோடு கலந்து எண்ணி முடிவு செய்ய அவகாசம் உண்டு என்பதே பொருள்.

மற்றொரு வகைத் துன்பம் இதற்கு நேர்மாறானது. அவகாசமே இல்லாத நோய்க்குறியை அலட்சியம் செய்தல். இடுப்பு வலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுக்கடங்காமல் போனாலோ, சிறுநீர் இறங்காமல் தடைப்பட்டாலோ, தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் தாழ்த்தினாலும் நரம்பு மீளாமல் போகக்கூடும். வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோயை நினைக்க வேண்டும். இவற்றிற்கு எண்ணெய் தேய்த்து, உருவிவிட்டு, நாள் கடத்துவது பெருந்தீங்கு. அவசரப்பட வேண்டாதபோது அவசரப்படுவதும், அவசரப்பட வேண்டியபோது தாழ்ப்பதும் ஆகிய இவ்விரண்டையும் தடுக்க வல்லது கல்வி ஒன்றே. கூலி வேலையால் குடும்பம் நடத்துபவருக்கு இது வெறும் பாடமன்று. அவர் முதுகு சாய்ந்தால் வீட்டு அடுப்பும் சாய்கிறது. பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பும் அதனோடு நின்றுவிடுகிறது.

வேலைத்தலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்மனியின் உல்ம் நகர ஆராய்ச்சியாளர், ஒரு மருத்துவரின் இடுப்புத் தட்டிலேயே சிறிய அழுத்தமானியைப் பொருத்தி, ஒரு நாள் முழுதும் அளந்து, 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். படுத்திருக்கும்போது தட்டிலுள்ள அழுத்தத்தை ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது அது ஐந்து. முன்குனிந்து நிற்கும்போது பதினொன்று. இருபது கிலோ சுமையை முதுகை வளைத்துத் தூக்கும்போது இருபத்துமூன்று. அதே சுமையை முழங்காலை மடக்கித் தூக்கும்போது பதினேழு. அளந்தது ஒரே ஒருவரிடத்தில் என்பதையும், அழுத்தம் வேறு, வலி வேறு என்பதையும் மறவாதீர்கள். ஆயினும் இந்த எண்களில் ஒரு குறிப்பு இருக்கிறது. மேசையின் உயரத்தை நான்கு விரற்கடை கூட்டினால் குனியும் அளவு குறையாதா? ரோலை இருவர் சேர்ந்து தூக்கினால் என்ன? நின்று வேலை செய்பவருக்கு இடையிடையே அமர ஒரு முக்காலி வைத்தால் உற்பத்தி குறையுமா, கூடுமா? இவை எம்.ஆர்.ஐ. இயந்திரம் வேண்டாத கேள்விகள். நம் பனியன் கம்பெனிகளில் நேர்மையாக எண்ணி, எழுதி, ஓராண்டு தொடர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். அந்த விடையும் ஒருநாள் ஒரு மாநாட்டு மேடையில் ஏறத் தகுதியுடையதே.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கிறது. நோயுற்றவர், அந்நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அவை. நம் காலத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அது குறிப்பேடு. இன்று ஒருவர் பட்ட துன்பம் நாளை வேறொருவருக்கு வழிகாட்ட வேண்டுமாயின், அதனை எழுதிவைப்பவர் வேண்டும். பலர் முன் எடுத்துச் சொல்பவர் வேண்டும். கேள்வி கேட்பவரும் வேண்டும். அந்த மூவரும் கூடுமிடமே மாநாடு.

மாணவர்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்து என் பேச்சை முடிக்கிறேன். நாளைக் காலை எழுந்தவுடன் சுவரோரம் நிமிர்ந்து நின்று உங்கள் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு உறங்கப்போகுமுன் அதே இடத்தில், அதே முறையில், அதே ஆளைக் கொண்டு மீண்டும் அளந்து பாருங்கள். மாலையில் நீங்கள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ குறைந்திருப்பதைக் காணலாம். பகலெல்லாம் சுமையால் தட்டுகள் நீரை இழக்கின்றன. இரவில் படுத்துறங்கும்போது மீண்டும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. உறக்கம் சோம்பலன்று, முதுகெலும்புக்கு அது உணவு வேளை என்பதை உங்கள் சுவரே உங்களுக்குச் சொல்லும்.

ஒரு நாளோடு நிறுத்திவிடாதீர்கள். பத்து நாள் அளந்து வகுப்பிலுள்ள அனைவரும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்களில் ஒருவர் எழுந்து நின்று அதனை விளக்கட்டும்; மற்றவர் "எப்படி அளந்தாய்? எத்தனை முறை அளந்தாய்? காலணியோடு நின்றாயா?" என்று கேட்கட்டும். உங்களில் ஒருவர் பிற்காலத்தில் கோவையிலோ சென்னையிலோ கடல் கடந்த நாடுகளிலோ மருத்துவர் அவையின் முன் நிற்கக்கூடும். வேறொருவர் பனியன் கம்பெனி நடத்தக்கூடும். மற்றொருவர் அங்கே தைக்கவும் கூடும். எங்கு இருந்தாலும், கண்டதை எழுதிவைக்கும் பழக்கமும், கேட்ட கேள்விக்குச் சினம் கொள்ளாமல் விடை தேடும் பண்பும் உங்களோடு இருக்கட்டும்.